கதைக்குள் வந்த காக்கா

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றுகூடப் படிப்பில் சோடை போகவில்லை. எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் பலகை வாசிக்க வரும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி போனில் தட்டிக்கொள்கிறாள்.

பூனாவில் வாப்பாவுக்குத் தோல் வியாபாரம். அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம். என் காக்கா கடையில் உட்கார்ந்தபடியே நாவல் எழுதுவார். மதராஸ் பத்திரிகை ஒன்றில் வாராவாரம் வரும். என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்திய வருஷம் அது. பெண்பிள்ளைக்கு இது போதும் என்று வாப்பா சொன்னபோது, காக்கா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கதையில் ஒரு சிறுமி. என்னைப் போலவே முன்பல் உடைந்தவள். என்னைப் போலவே 'நக்கோ நக்கோ' என்று மராத்தியில் அடம்பிடிப்பவள். அவளுடைய காக்கா தகப்பனை எதிர்த்துப் பேசி, அவளைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார். உம்மா வாசிக்கக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. காக்காவே எழுதிவிட்டார், இனிக் கூட்டிப்போவார் என்று புத்தகப் பையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாவை மாவ்சி என்போம். அவர் அதைப் பார்த்துக் கேட்டார். கதையைச் சொன்னேன். அவர்கள் பாஷையில் காக்கா என்றால் சித்தப்பா.

"எந்தக் காக்கா? உங்க வாப்பாவுக்குத் தம்பியே இல்லையே?"

"ஐயோ மாவ்சி, என் அண்ணன்! அதோ, படியில நிக்கிறாரே."

"இவனா? அப்போ நீ ஏன் வீட்ல இருக்கே? சைக்கிள் பஞ்சரா?"

காக்கா கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

சில வாரங்களில் கதைக் காக்கா கப்பலேறிப் போய்விட்டார். சிறுமியைப் பள்ளிக்கூடத்தில் விட ஒரு சித்தப்பா முளைத்திருந்தார். மாவ்சி பேச்சைக் கேட்டு உறவையே மாற்றிவிட்டாரே என்று நான் சண்டைக்குப் போனேன்.

"அண்ணன்னே எழுதுங்க காக்கா!"

"அவனுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது, புள்ளே. பொருந்தல."

சைக்கிள் மிதிக்க என்ன தைரியம் வேண்டும் என்று நெடுநாள் யோசித்தேன். அந்தப் புத்தகப் பையில் உம்மா வெங்காயம் போட்டு மாட்டினார்.

எங்கே, தட்டியதை வாசித்துக் காட்டு. காக்கா வரும் இடமெல்லாம் அண்ணன் என்றே புரிந்துகொள். பூனாவில் பிறந்தவள் நீ. நீயும் அவரைச் சித்தப்பா ஆக்கிவிடாதே.