கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஊற்றிய வீடு

அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து தெர்மாகோலை உருவும்போது எழும் கிறீச்சொலியில் பல் கூசும். கூடவே புது பிளாஸ்டிக்கின் வாடையும் மூக்கில் ஏறும். தொண்ணூறுகளின் பின்பாதியில், ஆனி மாதத்துக் காற்றுக் காலத்தில், அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு நடு அறையில் அவை இரண்டையும் முதன்முதலாக அறிந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். கரிசல் புழுதி உள்ளே வந்துவிடக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்து, அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நால்வரும் வேர்த்து வழிய அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

அது சந்திரா அக்காவுக்காக வந்த கம்ப்யூட்டர். தட்டச்சில் ஹையர் முடித்து, மதுரைக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்து ஆறு மாதம் கம்ப்யூட்டரும் படித்திருந்தாள். வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகைகளை அடித்து "பிளாப்பி"யில் கொடுத்தால் வேலை தருவதாக பஜாரில் ஓர் அச்சகக்காரர் சொல்லியிருந்தார். அதே சமயம் பாலவனத்தத்திலிருந்து ஒரு சம்பந்தமும் வந்திருந்தது. அக்காவுக்கு அப்போது கல்யாணத்தில் மனம் இல்லை. பலசரக்குக் கடை வைத்திருந்த அப்பா யாரையும் கலந்துகொள்ளாமல் தீர்ப்புச் சொன்னார்: "ஆடி முடியட்டும். அதுவரைக்கும் பொட்டி ஒழுங்கா ஓடி, வேலையும் வந்துச்சுன்னா கல்யாணப் பேச்சு இப்ப வேணாம். ஓடலையா, பொட்டியத் திருப்பிக் கொடுத்துட்டு அவுகள வரச் சொல்லிருவேன்."

ஆகவே அக்கா எதையும் அவசரமாகச் செய்யவில்லை. எந்த வயர் எதில் சேர வேண்டும் என்பதை ஒரு முழுத்தாளில் வரிசை எண் போட்டு எழுதியிருந்தாள். நான் ஒவ்வொன்றாகப் படிக்க, அவள் சொருகினாள். மேசையின் நான்கு கால்களும் ஆடாமலிருக்க அட்டைத் துண்டு வைத்தாள். மிச்சமிருந்தது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் "எர்த்து" ஒன்றுதான். அது இல்லாமல் ஓட்டக் கூடாது என்று மதுரையில் விற்றவர் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. தெருவுக்கே வயரிங் பார்த்த மாரிமுத்து அண்ணன் வந்து, ஒரு பச்சை வயரை இழுத்துப்போய் முற்றத்துத் தண்ணீர்க் குழாயில் சுற்றி இறுக்கினார். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். இரும்புக் குழாய் பூமிக்குள் போகிறது. வேறென்ன எர்த்து வேண்டும்? கம்ப்யூட்டர் ஓடியது. அன்று சாயங்காலம் வரை அக்கா எங்கள் எல்லோர் பெயரையும் விதவிதமான எழுத்துகளில் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் தண்ணீர் முறை. வாரத்துக்கு ஒருமுறை வரும் தண்ணீர்; தெருவே குடமும் கையுமாகப் பரபரத்தது. அக்கா உள்ளே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அம்மா பித்தளைக் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுக் குழாயைத் திறக்கத் தொட்டவள், "ஆத்தாடி!" என்று துள்ளிப் பின்னால் வந்தாள்.

"என்னங்க, தண்ணி கடிக்குது!"

"தண்ணி எங்கயாவது கடிக்குமா?" என்று சிரித்துக்கொண்டே போன அப்பா, ஈரக் கையால் குழாயைத் தொட்டு, வெடுக்கென்று உதறினார்.

"இப்பச் சிரிங்க," என்றாள் அம்மா.

மாரிமுத்து அண்ணன் ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். முந்திய வருஷம் ரோட்டைத் தோண்டியபோது வெளியிலிருந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தார்கள். எங்கள் எர்த்து பூமிக்குப் போகாமல் வீட்டுச் சுவரோடு நின்றுவிட்டது. கம்ப்யூட்டரிலிருந்து கசிந்த மின்சாரமெல்லாம் குழாயிலேயே தேங்கியிருந்தது. "ரோட்டுல பிளாஸ்டிக் போட்டத மறந்தே போனேன் மதினி," என்றார் அம்மாவிடம்.

அப்பா பிளக்கைப் பிடுங்கினார். "கட்டு பொட்டிய," என்றார்.

அக்கா அந்த முழுத்தாளை எடுத்து, கடைசி எண்ணிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வயராகக் கழற்ற ஆரம்பித்தாள். அதைப் பார்க்க முடியாமல்தானோ என்னவோ, மாரிமுத்து அண்ணன் கெஞ்சினார்: "ஒரே ஒரு நா குடுங்கண்ணே. பொறவாசல்ல குழி தோண்டி முறையாப் போட்டுத் தாரேன்." அம்மா கையைத் தடவிக்கொண்டே, "அவந்தான் சொல்றான்ல," என்றாள். அப்பா பிடுங்கிய பிளக்கைத் தரையில் போட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் மேற்குப் பார்த்த புறவாசல் வெயிலில் மாரிமுத்து அண்ணன் ஓர் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, நடுவில் இரும்புக் குழாயை நிறுத்தி, கரியும் கல்லுப்புமாக மாற்றி மாற்றிக் கொட்டி மூடினார். மூடிய பிறகு தயங்கிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு. நம்ம மண்ணு காஞ்ச மண்ணு. காஞ்சா எர்த்து நிக்காது, குழி காயாமப் பாத்துக்கிடணும். தினம் ரெண்டு குடமாச்சும் ஊத்தணும்."

சிமெண்டுத் தொட்டியில் பிடித்து வைப்பதுதான் நால்வருக்கும் வாரம் முழுதுக்கும் தண்ணீர். மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை, "மனுசருக்குக் குடிக்கத் தண்ணியக் காணோம், மிஷினுக்குத் தாகம் எடுக்குதாக்கும்!" என்றாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அக்காவும் அம்மாவைத்தான் பார்த்தாள். அம்மா குழியைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்து போனபோது, வேப்பமர நிழலில் கிடந்த பாத்திரம் விளக்கும் கல்லை அம்மாவும் அக்காவும் கடப்பாரை கொடுத்துப் புரட்டிப் புரட்டிக் குழிப் பக்கம் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். "ஊத்துறது அதே தண்ணிதான், இடந்தான் வேற," என்று மதிலைப் பார்த்து அம்மா உரக்கச் சொன்னாள். "குழிக்குன்னு தனியா ஒரு சொம்பு நான் ஊத்தல!"

அன்றிலிருந்து பாத்திரம் விளக்குவது, துணி அலசுவது, காய் கழுவுவது எல்லாம் அங்கேதான். நிழலில்லாத இடம், ஆடிக் காற்றில் விளக்கும் சாம்பல் அம்மாவின் முகத்திலேயே பறந்து அடிக்கும். கடைசிச் சட்டியைக் கவிழ்த்தானதும் ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏ சந்திரா, ஓடுதா?" என்பாள். உள்ளிருந்து, "ஓடுதும்மா" என்று பதில் வரும். ஒரு நாளைக்கு மூன்று முறை.

ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் ஆடி பாதியிலேயே வரத் தொடங்கின. வீரசோழன் ஊரிலிருந்து நிக்காஹ் பத்திரிகைகளும் வந்தன. எந்த நாளில் எது வந்தது, எப்போது மின்சாரம் போனது என்று நான் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். யார் யார் கல்யாணத்தையோ அக்கா இரவு பகலாக அடித்தாள். தன் கல்யாணத்தைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

ஆடியின் கடைசி வாரத்தில் சித்தி வீட்டுக் காதுகுத்துக்காக அம்மா இரண்டு நாள் திருச்சுழி போயிருந்தாள். பாத்திரங்கள் விளக்காமல் கிடந்தன. மத்தியானம் சாப்பிட வந்த அப்பா, அதற்கு முன் குடம் தூக்கி நான் பார்த்தறியாதவர், தொட்டியிலிருந்து மொண்டு, வேட்டியெல்லாம் நனைய இரண்டு குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றினார். பிறகு ஜன்னலருகே போய் நின்றார்.

"ஓடுதா?"

தட்டும் சத்தம் நின்றது. "ஓடுதுப்பா."

"பாலவனத்தத்துக்கு ஆள் சொல்லி விட்டுட்டேன். அவுக வேற எடம் பாத்துக்கிடட்டும்," என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே கடைக்குப் போய்விட்டார்.

நான்கு வருஷம் கழித்து அக்கா தனக்குப் பிடித்த வேளையில் கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. கம்ப்யூட்டரை எந்த அறையிலும் மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதற்காக யாரும் மண்ணை நனைத்து வைப்பதில்லை. போன தையில் அக்காவும் நானும் அந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். வாங்கியவர்கள் புறவாசல் முழுக்க சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறார்கள். வேம்பும் இல்லை, கல்லும் இல்லை. அம்மா உட்கார்ந்து விளக்கிய இடம் இதுதான் என்று அக்கா ஓரிடத்தைக் காட்டினாள். இல்லை, இன்னும் இரண்டடி தள்ளி என்றேன் நான். அந்த ஆனியிலும் ஆடியிலும் எந்த நாளில் என்ன பத்திரிகை வந்தது, எத்தனை முறை மின்சாரம் போனது என்பதெல்லாம் என் நோட்டில் இன்றும் இருக்கிறது. சுவரிலிருந்து அந்த இடம் எத்தனை அடி என்று மட்டும் நான் அளந்து வைக்கவில்லை.