ஒன்றுபோலத் தெரிந்த கௌ

முத்தியால்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே கணினி வேலை செய்து பிழைக்கிறவள் நான். தமிழ்த் தட்டச்சு சம்பந்தமாக எது வந்தாலும் ஏற்றுக்கொள்வேன். அப்படித்தான் டவுனில் இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். பிறப்பு, கல்யாணம், சாவு என்று எந்தச் சான்றிதழைக் கொண்டுவந்தாலும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கோ பிரெஞ்சிலிருந்து தமிழுக்கோ மாற்றி, முத்திரை குத்திக் கொடுக்கிற இடம். நடத்துகிறவர் வயதானவர், சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. எல்லோரும் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி, ஐயா என்கிற மாதிரி, முசியே என்றுதான் கூப்பிடுவார்கள்.

தமிழும், குறி போட்ட பிரெஞ்சு எழுத்துகளும் ஒரே கீபோர்டில் வரவேண்டும் என்றார். தமிழ் அமைப்பை முன்பே யாரோ செய்து கொடுத்திருந்தார்கள். அதோடு பிரெஞ்சைச் சேர்த்தால் போதும்.

அங்கே தட்டச்சு செய்கிற பெண்ணின் இருக்கையில் என்னை உட்கார வைத்தார். விசைகளுக்கு நடுவில் பிஸ்கட் தூளும் தலைமுடியும் கிடந்தன. அவர் நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுக் காகிதம் புரட்டிக்கொண்டே பேசினார். அதே விரலால் எனக்கு விசைகளை அழுத்திக் காட்டினார். ஒவ்வொரு விசையிலும் ஈரம் மினுங்கியது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தத் தமிழ் அமைப்பின் கோப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கீபோர்டு அமைப்பு என்பது சாதாரண எழுத்துக் கோப்புதான். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வரிவரியாக எழுதியிருக்கும். கருப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுத்து அதைக் கம்பைல் செய்ய வேண்டும். அப்போதுதான் கணினிக்குப் புரிகிற வடிவத்துக்கு மாறும். விதிகள் எங்காவது ஒன்றோடொன்று இடித்தால், கம்பைல் செய்கிற கருவி எச்சரிக்கை காட்டும்.

ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமே காட்டவில்லை. அவ்வளவு அலங்கோலமான கோப்பில் அது நம்பும்படியாக இல்லை. மேலே போய்ப் பார்த்தால், எச்சரிக்கை எதுவும் வராமல் நிறுத்திவைக்கிற வரி ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஔகாரக் குறியின் விசைக்கு இரண்டு விதிகள் இருப்பதாகவும், பின்னால் வருவது முன்னால் இருப்பதை மறைப்பதாகவும் சொன்னது.

முதல் விதி சரியாகவே இருந்தது. இரண்டாவது விதி, அந்தக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ள என்ற எழுத்தையும் போட்டது. கௌ என்று தட்டினால் கெள என்று விழும். காகிதத்தில் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. தெரியாமல் செய்தவன் என்றால் சரியான விதியை எழுதிவிட்டு மறைத்திருக்க மாட்டான். கருவியின் வாயையும் கட்டியிருக்க மாட்டான். வேண்டுமென்றே செய்த வேலை.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று போனேன். வாசலோரக் கணினியில் அந்தத் தட்டச்சுப் பெண் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அதில் கௌ சரியாகவே விழுகிற சாதாரணக் கீபோர்டுதான். எதிரில் வீராம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு அம்மா நின்றிருந்தார். அவருடைய தாயாரின் கல்யாணச் சான்றிதழை முன்பு இங்கேதான் மொழிபெயர்த்தார்களாம். தாயாரின் பென்ஷனுக்காக இப்போது நகல் வேண்டும்.

"இல்லம்மா. அந்தப் பேர்ல எதுவும் வரல," என்றாள் பெண்.

"எங்கம்மாவே கையால வாங்கிட்டுப் போச்சு. எத்தினி வாட்டிதான் வர்றது?"

பெயர் கௌ என்று தொடங்கியது. பெண்ணை நகரச் சொல்லி, கெள என்று தப்பாகத் தட்டினேன். கோப்பு உடனே வந்து நின்றது.

அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன வாட்டி அந்தப் பெரியவரு, உங்கம்மாவுக்கு நெஜமாவே கல்யாணம் ஆச்சான்னு கேட்டாரு. நாலு பேரு உக்காந்திருந்தாங்க," என்றார்.

நேராக உள்ளே போனேன்.

"முசியே, உங்க கீபோர்டுல கௌ தப்பா விழுது. அதான் தேடினா கெடைக்கல."

"தெரியும். நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். நம்ம ஃபான்ட்ல அந்தக் குறி பெட்டி பெட்டியா விழுந்துச்சு. பேப்பர்ல பாத்தா ஒண்ணாத்தானே இருக்கு?"

"வேற ஃபான்ட் போட்டுக்கலாம். பழைய ஃபைலையெல்லாம் நானே சரி பண்ணித் தர்றேன்."

"வேணாம்மா. இல்லன்னு சொல்லி அனுப்பினவங்கள்லாம் திரும்பி வந்து நிப்பாங்க. யாரு பதில் சொல்றது? நீ பிரெஞ்சு மட்டும் சேத்துக் குடு. எச்சரிக்கை எதுவும் வராத மாதிரி பண்ணிடு."

குரலை உயர்த்தவே இல்லை. தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்பதைப் போலச் சொன்னார்.

"வெளிய நிக்கிறவங்ககிட்ட, அவங்கம்மாவுக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேட்டீங்களாமே?"

"இந்த மாதிரி ஆளுங்க எத்தினியோ பேரப் பாத்துட்டேன்," என்று சிரித்தார். பல்லிடுக்கில் வெற்றிலைத் துணுக்கு தெரிந்தது.

"எனக்கு இந்த வேல வேணாம்," என்று எழுந்துவிட்டேன்.

அதற்குள் அந்தப் பெண் நகலை அச்செடுத்து எடுத்துவந்தாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். வெளியே அந்த அம்மா காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தபடி, "அங்க கேட்டதெல்லாம் எங்கம்மாகிட்டச் சொல்ல மாட்டேன். பேப்பர் கெடச்சிடுச்சின்னு மட்டும் சொல்லிடறேன்," என்றார். பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்தேன்.

சில வாரம் கழித்து அந்தத் தட்டச்சுப் பெண் போன் செய்தாள். வேறு ஒருவர் வந்து பிரெஞ்சைச் சேர்த்துக் கொடுத்துவிட்டாராம். கௌ பழையபடியேதான் இருக்கிறதாம்.

"நான் ரெண்டு விதமாவும் தேடிப் பாத்துட்டுத்தான் பதில் சொல்றேங்க்கா. அவருக்குத் தெரியாது," என்றாள்.

நல்லது என்றேன். போனை வைத்த பிறகும் அருவருப்பு போகவில்லை. திருத்துவதற்கு ஒரு நாள்கூடப் பிடிக்காத ஒன்றுக்காக, அந்தப் பெண் அவருக்குப் பயந்து பயந்து ஔகாரம் வருகிற ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை தட்டிக்கொண்டிருக்கிறாள்.