அரைநாள் சாயபுவுக்குப் பேர் வைத்தவன் எழுதுவது

செவ்வாய்க்கிழமை காலையில் பொத்தான் வியாபாரி என் கடைப் படியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "அண்ணாச்சி, சேதி தெரியாதா? அரைநாள் சாயபு பூட்டாரே" என்றான். ஞாயிறு பகலில் உயிர் பிரிந்திருக்கிறது. மூன்று நாள் காய்ச்சல். அன்றைக்கே அடக்கமும் ஆகிவிட்டது. மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு நாள் முழுவதும் பஸ் ஓடுகிறது. எனக்குச் சொல்லி அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. மறைக்கப் போவதில்லை.

"அவருக்கு ஒரு பேர் இருக்கு. தஸ்தகீர்" என்றேன்.

"எனக்கு இன்னா தெரியும் அண்ணாச்சி? ஊரே அப்டித்தானே கூப்புடுது."

ஊரே அப்படிக் கூப்பிடுவதற்குக் காரணம் நான். அந்தப் பேரை வைத்தது நான், பரப்பியதும் நான். போன வாரம் நம் தையல்காரர்கள் கூடிய இரங்கல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நல்ல கைக்காரர், உழைப்பில்தான் அவ்வளவு நாட்டமில்லை" என்று பேசினாராம். நான் போகவில்லை. போயிருந்தால் சண்டை வந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. சட்டைக்கு அளவு வரைய நாம் பழைய பத்திரிகைத் தாளை எடுக்கிறோமே, அந்தத் தாள்களை எழுத்துக் கூட்டித் தமிழ் படித்தவன். கழுத்துக்காக வெட்டிய இடத்தில் பாதிச் செய்தி போய்விடும். மீதியை நானே ஊகித்துக்கொள்வேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

நாங்கள் இருவரும் மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய தையல் கடையில் வேலை பார்த்தவர்கள். அவர் துணி வெட்டுவார், நான் தைப்பேன். என்னைவிட ஐந்து வயது சிறியவர். பிறகு சேர்ந்து கச்சேரி ரோட்டில் சொந்தக் கடை போட்டோம். காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடுவோம். தீபாவளியும் ரம்ஜானும் வந்துவிட்டால் ஒன்பது என்பதும் கிடையாது. ஒருநாள் மத்தியானம் நான் இடது கையால் சோற்றை உருட்டிக்கொண்டே வலது கையால் மிஷினில் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அண்ணாச்சி, மவுண்ட் ரோட்டுல முதலாளி உன்னை எத்தினி மணிக்கு வுட்டான்?"

"ஏழு மணிக்கு."

"சோறு துன்ன வுட்டானா?"

"அரை மணி நேரம் விட்டான். அதுக்கு இப்ப என்ன?"

"இப்ப நீயே முதலாளி. ஒம்பது மணி ஆயும் உன்னை வுட மாட்டேங்கிறே. சோறு துன்னவும் வுட மாட்டேங்கிறே. சொல்லு, ரெண்டு பேர்ல யாரு கெட்ட முதலாளி?"

நான் சிரிக்கவில்லை. வேலையைப் பார் என்றேன். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை என்று சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

உலகச் சண்டைக் காலம் அது. பட்டாளத்துக்குக் காக்கி உடுப்புத் தைக்கும் பெரிய ஒப்பந்தம் ஒன்று எங்களைத் தேடி வந்தது. ஒரே அளவு, ஒரே துணி, இரண்டு வருஷத்துக்குக் குறையாத வேலை. ஆள் சேர்த்து, மிஷின் சேர்த்து, விடிந்ததிலிருந்து தைக்க வேண்டும். எனக்கு ஊரில் மூன்று தங்கைகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். நான் ஒப்புக்கொள்ளலாம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

"நான் வர்ல அண்ணாச்சி. நான் நேர்மாறா யோசிச்சுக்கினு கீறேன். ஒரு மணிக்குக் கடையை மூடிடலாம்னு."

"பைத்தியமா உனக்கு? ஒரு மணிக்கு மூடிட்டு என்ன செய்வ?"

"அதான் எனக்கே தெரியல. மூடிப் பாத்தாதானே தெரியும்."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? மிஷின்களைப் பிரித்துக்கொண்டோம். கச்சேரி ரோட்டுக் கடை அவரிடம் நின்றது. நான் தியாகராய நகரில் ரயில் நிலையத்துப் பக்கம் இடம் பிடித்துக் காக்கி தைத்தேன். தங்கைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. நான் செய்தது சரி. இதை யார் முன்னாலும் சொல்வேன்.

அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். காலை ஆறரைக்குக் கடை திறப்பார். அந்த நேரத்தில் நம்மில் எத்தனை பேர் பல் துலக்கியிருப்போம்? கடை வாசலில் ஒரு சிலேட்டு தொங்கும். ஒரு நாளைக்கு ஆறு உருப்படி. வருகிற வரிசையில் பேர் எழுதுவார். ஆறாவது பேர் எழுதியதும் பலப்பத்தை உள்ளே போட்டுவிடுவார். டீக்கடைப் பேச்சு, பத்திரிகை, வெற்றிலை எதுவும் கடைக்குள் கிடையாது. நாம் பதின்மூன்று மணி நேரம் கடையில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். அதில் தையல் எத்தனை மணி, வாய் எத்தனை மணி என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். அவர் ஒரு மணி வரைக்கும் நிமிர மாட்டார்.

நம் தொழிலில் "நாளைக்கு வாங்க" என்று சொல்லாத ஆள் உண்டா? நானே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னதில்லை. வாங்கினால் சொன்ன நாளில் கொடுப்பார். முடியாவிட்டால் வாங்க மாட்டார். மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் இரண்டு மணிக்குக் கோட்டுத் துணியோடு வந்து, கடை மூடியிருப்பதைப் பார்த்து, பின்சந்தில் இருந்த வீட்டுக்கே போய்விட்டார். தஸ்தகீர் கையெல்லாம் கோதுமை மாவாக வெளியே வந்தார். மத்தியான ரொட்டி அவர்தான் சுடுவார்.

"என்னய்யா இது? கோர்ட்டே அஞ்சு மணி வரைக்கும் நடக்கறது. நோக்கு ஒரு மணிக்கே என்ன அவசரம்?"

"கோர்ட்டுல வாய்தா குடுப்பாங்கோ சார். எங்கிட்ட வாய்தா கெடையாது. காலைல ஆறரைக்கு வாங்கோ."

வக்கீல் மறுநாள் ஆறரைக்குப் போய் நின்றார். இதை அந்த வக்கீலே என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் என் வாடிக்கையாக வேண்டியவர்.

எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. அவசரம் என்று வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பியதுண்டு. சொந்த மச்சானின் பெருநாள் சட்டையையே சிலேட்டு நிறைந்துவிட்டது என்று வாங்காமல் விட்டார். அந்த மச்சான் ஒரு வருஷம் பேசவில்லை. கடை ஒற்றை மிஷினிலிருந்து கடைசிவரை பெருகவில்லை. நாற்பது வயதுக்கு மேல் மீன்பிடிக்கிறவர்களிடம் கடலில் நீந்தக் கற்றுக்கொண்டார். நாலு மணிக்கு மனைவியை அழைத்துக்கொண்டு சாந்தோம் கடற்கரைக்குப் போவார். புருஷனும் பெண்சாதியும் தினம் கடற்கரைக்குப் போகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். தினம் பேசினார்கள், அவர்களும் தினம் போனார்கள்.

இனி அந்தப் பேரின் கதை. சண்டை முடிந்தும் துணிக் கட்டுப்பாடு நீங்காத சமயம். மேற்கு மாம்பலத்திலிருந்து ஒருவர் மகனுடைய மாப்பிள்ளை அழைப்புக் கோட்டுக்கு டஸ்ஸர் பட்டு கொண்டுவந்தார். எங்கெங்கோ சொல்லி வைத்து வாங்கிய துணி; இன்னொரு முழம் வேண்டுமென்றாலும் கிடைக்காது. துணி கொஞ்சம் குறைச்சல் என்பதால் இரட்டையாக மடித்து வெட்ட வழியில்லை. ஒரு கையை வெட்டிவிட்டு, அளவுத் தாளைப் புரட்டிப் போட்டு மறு கையை வெட்ட வேண்டும். இருபது நாளாக நான் சரியாகத் தூங்கவில்லை. தாளைப் புரட்டாமலே வெட்டிவிட்டேன். இரண்டும் இடக்கை. மாலை நாலு மணிக்குச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. மறுநாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. முகூர்த்தக் காலத்தில் இப்படி ஒரு கோட்டைக் கெடுத்தான் என்று வெளியே தெரிந்தால் என் கடைக்கு யார் வருவார்கள்?

எனக்குத் தெரிந்து அதைச் சரிசெய்யக்கூடிய கை ஒன்றுதான். பஸ் பிடித்து மயிலாப்பூர் போனேன். வீடு பூட்டியிருந்தது. கடற்கரைக்கு நடந்தேன். அவரும் மனைவியும் மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையெல்லாம் ஈரம்.

"தஸ்தகீர், எழும்பு. ரெண்டு கையும் இடக்கையா வெட்டிப்புட்டேன்."

"யாரு கையை அண்ணாச்சி?"

"விளையாடாத. நாளைக்கு மாப்பிள்ளை அழைப்பு. வா, கடைக்குப் போவோம்."

அவர் எழுந்து நின்றார். "இன்னா துணி?" என்றார்.

"துணி கெடக்கட்டும். நீ வாரியா, இல்லையா?"

"வர்றது இருக்கட்டும். இன்னா துணி, அதைச் சொல்லு."

"என் மானம் போகுது, நீ துணி விசாரிக்கியே! வாரியா, இல்லையா? ஒரே பேச்சு!"

அவர் என் கையைப் பிடித்து என் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினார். அது ஆடிக்கொண்டிருந்தது. "இந்தக் கையோட நீ சொல்லி நான் வெட்டினா மீதித் துணியும் பூடும். ராத்திரி தூங்கு. காலைல ஆறு மணிக்கு நான் வந்து நிக்கிறேன்."

அவர் மனைவி பக்கத்தில் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை. "அரைநாள் வேலை பாக்குறவனுக்கு அவசரம் எங்க தெரியும்? சோம்பேறி! அரைநாள் சாயபு!" என்று கத்தினேன். அந்த அம்மாள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஒருவரிடம் சொன்னேன். காபி கிளப்பில் நாலு பேரிடம் சொன்னேன். பொத்தான் வியாபாரியிடம் சொன்னேன். அவன் ஊர் முழுக்கச் சுற்றுகிறவன். அந்த வாரம் முடிவதற்குள் சென்னையில் தையல் மிஷின் இருக்கிற இடமெல்லாம் அந்தப் பேர் போய்விட்டது.

மறுநாள் ஆறு மணிக்கு நான் போகும்போது என் கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றிருந்தார். கடையைத் திறந்தேன். கைத்துண்டுகளை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். திருப்பியபடியே மற்றதன் பக்கத்தில் வைத்தார். இடக்கையும் வலக்கையும் ஜோடியாகக் கிடந்தன.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் அண்ணாச்சி இந்தத் துணிக்கு" என்றார்.

தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்பக்கம் பின்பக்கம் வேறுபாடுள்ள துணியில் இரண்டு இடக்கை வெட்டினால் துணி நாசம். இந்த டஸ்ஸருக்கு அந்த வேறுபாடு கிடையாது. புரட்டினால் இடக்கை வலக்கையாகிவிடும். ஒன்றுமே கெட்டிருக்கவில்லை. தூக்கம் கெட்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. நேற்றுக் கடற்கரையில் அவர் கேட்டதற்கு "டஸ்ஸர்" என்று நான் ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால், மணலில் நின்றபடியே முடிந்திருக்கும். "நேத்தே கேட்டேனே" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை. கூட உட்கார்ந்து ஒரு மணி வரைக்கும் கை ஏற்றி, பொத்தானுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பேரைப் பற்றி அன்று நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

சேதி கேட்ட அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். புருஷன் போனபின் வேற்று ஆண்கள் முன் வராமல் மனைவி இத்தா இருக்கும் நாள் என்பதால் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசினார். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அம்மா, அன்னைக்குக் கடற்கரையில நான் வாய்தவறி வச்ச பேரு ஊர்ல நெலச்சுப்போச்சு. அவர்ட்ட அதுக்கு ஒரு வார்த்தை சொல்லாம இருந்துட்டேன்."

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அன்னிக்கி எனக்குத்தான் கோவம் அண்ணாச்சி. உங்க மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன். அவருக்கு இல்ல. அதுக்கு முன்னாடி மத்தியானம் முச்சூடும் யாராச்சும் கதவைத் தட்டிக்கினே இருப்பாங்கோ. அந்தப் பேரு வந்த பிற்பாடு ஒருத்தர்கூடத் தட்டலை. பேரே சொல்லிடுதே. 'நான் போர்டு எழுதி வச்சிருந்தாக்கூட இப்டி ஊர் பூரா போயிருக்காது, அண்ணாச்சி பஸ்ஸுல போயி சொல்லிட்டு வந்துட்டாரு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

நான் எழுந்து வந்துவிட்டேன். வசவாக எறிந்ததை அந்த மனிதர் எடுத்து மத்தியானக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். அத்தனை வருஷம் அதற்குள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார், ரொட்டி சுட்டிருக்கிறார், கடலுக்குப் போயிருக்கிறார். எனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆகையால், அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்வது இதுதான். "அரைநாள்" என்பதைத் திரும்பப் பெற எனக்கு உரிமை இல்லை. அது அவருடையதாகிவிட்டது, விருப்பமிருந்தால் சொல்லுங்கள். "சோம்பேறி" என்பது என்னுடையது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். இனி எந்தக் கூட்டத்திலாவது அவரைப் பற்றி யாராவது அந்தப் பொருளில் பேசினால், அந்த இடத்திலேயே எழுந்து மறுப்பேன்.

என் கடை இன்றைக்கும் ஒன்பது மணிக்குத்தான் மூடுகிறது. எனக்கு வேறு விதமாக இருக்கத் தெரியாது. இந்த வயதில் கற்றுக்கொள்ளவும் போவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். முகூர்த்தக் காலத்தில் தைக்கிறவர்களில் யாராவது தலையில் கை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, எல்லாம் போச்சு" என்று ஓடிவந்தால், நான் முன்போல் கத்துவதில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, "இன்னா துணி?" என்று கேட்கிறேன். திருநெல்வேலிக்காரனுக்கு எங்கிருந்து இந்த "இன்னா" வந்தது என்று அவர்களுக்குள் சிரித்துக்கொள்கிறார்கள். என் ஊர்ப் பேச்சில் கேட்டும் பார்த்தேன். அதில் அந்த நிதானம் வரவில்லை.