பாய்ர்லே அம்மாள் வீட்டில் திரும்பும் வாரம்

ட்யூபிங்கன் நகரத்தில் பாய்ர்லே அம்மாளின் வீட்டுப் படிக்கட்டில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து கால் ஒடிந்துபோகும். ஒடிந்த ஈயை அந்த அம்மாளே பொறுக்கியெடுத்து, எந்த நிறக் குப்பைப் பெட்டியில் சேர்ப்பது என்று யோசித்துப் போடுவாள். கொஞ்சம் கூட்டிச் சொன்னது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கால் ஒடிந்ததில்லை, சுளுக்குதான். ஆனால் அந்த மரப்படியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பதில் பொய் கிடையாது.

அந்த வீட்டின் உச்சி அறைக்கு இலையுதிர் காலத்தில் குடிவந்தாள் கேத்தோ. ஜார்ஜியா நாட்டுக் குத்தாய்சி நகரத்துப் பெண். தத்துவம் படிக்க வந்தவள். குடும்பப் பெயர் ம்செத்லிஷ்விலி. பாய்ர்லே அம்மாள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்ததில் பல்செட் கழன்றுவிட்டது. அன்றிலிருந்து 'ஃப்ராவ் கேத்தோ' என்று பாதிப் பெயருக்கு முழு மரியாதை கொடுத்துக் கூப்பிட்டாள். பெண்ணுக்கு ஃப்ராவ், ஆணுக்கு ஹெர், அதுதான் அங்கே மரியாதை.

குத்தாய்சியில் ஜெர்மன் மொழியில் கேத்தோவை மிஞ்ச ஆளில்லை. நான்கு வேற்றுமைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எட்டு வேற்றுமையோடு பிறந்த நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் நாற்காலி ஆண்பால், கதவு பெண்பால், சின்னப் பெண் மட்டும் அஃறிணை என்று அடம்பிடிக்கும் மொழியில் அது சாதனைதான். அப்பேர்ப்பட்டவளுக்கு ரயிலை விட்டு இறங்கியதும் ரொட்டிக் கடைக்காரி சொன்ன ஒரு வாக்கியம்கூட விளங்கவில்லை. அந்த வட்டாரத்து ஸ்வாபியர்கள் சொல்லில் பாதியை விழுங்கிவிட்டு, மீதியின் வாலில் ஒரு 'லே'யை ஒட்டி அனுப்புவார்கள். பிடித்தால் பிடி, விட்டால் போயிற்று.

அந்த ஊரில் முனைவர் பட்டம் வாங்கிவிடலாம், அறை கிடைக்காது. பாய்ர்லே அம்மாளும் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"கொஞ்ச நாள் பார்க்கிறேன். சரிப்பட்டு வந்தா இருங்க. இல்லேன்னா சொல்லிடறேன்."

சரிப்படாவிட்டால் முகவரி இல்லை. முகவரி இல்லாவிட்டால் தங்க அனுமதி இல்லை. தத்துவத்தைக் குத்தாய்சி பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான். அதனால் கேத்தோ தினமும் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள், ஒரு நல்ல வார்த்தை வருமா என்று. வரவில்லை. கெட்ட வார்த்தையும் வரவில்லை. கேத்தோ வளர்ந்த வீட்டிலோ, அவள் ஆம்லெட் போட்டாலே மாமா ஒயின் கோப்பையோடு எழுந்து நின்று முட்டையை வாழ்த்துவார், கோழியை வாழ்த்துவார், கோழியைப் பெற்ற கோழியையும் வாழ்த்துவார். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவளுக்கு இந்த மௌனம் கல்லாகக் கனத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கியது. அதில் ஒரே ஒரு சொல்: கேர்வொக்கெ.

வொக்கெ என்றால் வாரம். அதில் சந்தேகமில்லை. கேர் என்றால்? அவள் படித்த ஜெர்மனில் அது திரும்புதல். வகுப்பிலும் பேராசிரியர் ஒரு மாதமாக அந்தத் 'திரும்புதல்' பற்றித்தான் முடியாத ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்பதால் எல்லோரும் காத்திருந்தார்கள். அதே சொல்லுக்குப் பெருக்குதல் என்றும் ஒரு பொருள் உண்டு. கூட்டுவதும் பெருக்குவதும் நம்மூரில் விளக்குமாற்றுக்கும் கணக்கு வாத்தியாருக்கும் பொதுவாக இருப்பதைப் போல. ஆனால் விளக்குமாற்றுப் பொருளைக் குத்தாய்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே பாடமாக வைத்திருந்த புத்தகங்களில் ஆண்கள் காட்டில் நடந்து யோசித்தார்கள். யாரும் வாசல் பெருக்கவில்லை.

ஆக, திரும்பும் வாரம். ஒரு வாரத்துக்குள் ஊர் போய்ச் சேர் என்கிறாள் கிழவி! அதையும் வாயால் சொல்லாமல் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறாள். கேத்தோவின் காது மடல் சூடாகியது. அந்த அம்மாளிடமே போய்க் கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஹெர் ராப்பைப் படியில் மடக்கினாள்.

"ஹெர் ராப், என் கதவுல ஒரு பலகை தொங்குது."

"பார்த்தேன். போன வாரம் என் கதவுலதான் தொங்கிச்சு."

"உங்களுக்குமா? நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது, வாயைத் திறக்காம மேலேர்ந்து கீழ வந்து, வாசல் தாண்டி, தெருவுக்கே போயிட்டேன். அன்னிக்குன்னு பார்த்து மழை வேற."

"ஐயோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன, பாய்ர்லே வந்து பார்த்தாங்க. பலகையைக் கழட்டினாங்க. உள்ள போய்க் காப்பி குடிச்சேன்." அவர் பெருமூச்சு விட்டார். "இந்த வீட்ல எல்லாருக்கும் முறை வரும். தப்பிக்க முடியாது, ஃப்ராவ் கேத்தோ."

கேத்தோ படியிலேயே நின்று கணக்குப் போட்டாள். இந்த வயதானவரையே மழையில் தெருவில் நிறுத்தி, பிறகு மனமிரங்கி உள்ளே விட்டிருக்கிறார்கள்! ஆனால் அதிலும் ஒரு நம்பிக்கை இருந்தது: அந்த அம்மாளுக்கு மனம் என்று ஒன்று இருக்கிறது, அது இரங்கவும் செய்கிறது. மனத்துக்கு வழி வயிறு. குத்தாய்சிக்காரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

மாவு ஒரு மூட்டை வாங்கினாள். அந்த வாரம் முழுக்க வகுப்புக்குப் போகாமல் ஹச்சாபுரி சுட்டாள். பாலாடைக்கட்டியை உள்ளே பொதிந்து சுடும் ரொட்டி அது. மணம் மூன்று வீடு தள்ளிப் போகும். வால்நட் அரைத்துக் கத்தரிக்காயில் சுருட்டினாள். தட்டுத் தட்டாகக் கீழே கொண்டுபோனதில் படியெங்கும் மாவும் வால்நட் துணுக்கும் சிந்தின. பாய்ர்லே அம்மாள் தட்டைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள். கடைசித் துண்டுவரை வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்.

"சாப்பிடலாம்."

சாப்பிட்டு முடித்த பிறகு சாப்பிடலாமாம்! கேத்தோ காலித் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"ஃப்ராவ் கேத்தோ, பலகையைப் பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தேன்."

"சனிக்கிழமை இருட்டறதுக்குள்ள முடிச்சுடுங்க."

"இன்னும் கொஞ்சம் அவகாசம் குடுக்கக் கூடாதா?"

"என் மாமியாருக்கே குடுத்ததில்ல."

மாமியாரையே அனுப்பியவளிடம் என்ன பேசுவது? சனிக்கிழமை மத்தியானம் கேத்தோ பெட்டியைக் கட்டினாள். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் மிச்சமிருந்த மாவு மூட்டை. ஊருக்கு எடுத்துப்போக அல்ல, ஹெர் ராப்புக்குக் கொடுக்க. இரண்டாவது திருப்பத்தில் பெட்டி மூட்டையை இடித்தது. மூட்டை கையை விட்டு நழுவியது. படிப்படியாகக் குதித்துக் கீழே போய்ப் பட்டென்று வெடித்தது. வீட்டுக்குள் பனி பெய்தது போல ஆயிற்று.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படியே விட்டுப் போனால் ஜார்ஜியாக்காரி என்றாலே அழுக்கு என்றல்லவா இந்தக் கிழவி காலத்துக்கும் சொல்லுவாள்? ரோஷம் அழுகையை முந்தியது. மூலையில் நின்ற விளக்குமாற்றை எடுத்தாள். உச்சியிலிருந்து ஆரம்பித்துப் பெருக்கினாள். ஈரத்துணி போட்டுத் துடைத்தாள். கைப்பிடிக் கம்பிகளைத் தேய்த்தாள். மாவு வாசலுக்கும் பறந்திருந்தது, வாசலைக் கழுவினாள். நடைபாதைக்கும் போயிருந்தது, அதையும் பெருக்கினாள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நிமிர்ந்தபோது வாசலில் பாய்ர்லே அம்மாள். ஒற்றை விரலால் கைப்பிடியைத் தடவினாள். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலே போனாள், இறங்கி வந்தபோது கையில் அந்தப் பலகை. அதை ஹெர் ராப்பின் கதவில் மாட்டினாள்.

"நான் கிளம்பறேன், ஃப்ராவ் பாய்ர்லே."

"எங்க?"

"குத்தாய்சிக்கு. நீங்கதானே வாரத்துக்குள்ள திரும்பச் சொன்னீங்க?"

"நான் எங்கம்மா திரும்பச் சொன்னேன்? பெருக்கச் சொன்னேன்!"

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த ஹெர் ராப், விஷயம் புரிந்ததும் கடைசிப் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாய்ர்லே அம்மாள் சிரிக்கவில்லை. பெட்டியை உற்றுப் பார்த்தாள்.

"அந்தச் சக்கரத்தைத் தொடைச்சிட்டு மேல கொண்டுபோங்க." அப்புறம் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்து, "குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றாள்.

கேத்தோவின் முகம் விழுந்துவிட்டது. "அவ்வளவுதானா? தெரு வரைக்கும் பெருக்கியிருக்கேன்!"

"அட, அவங்க உங்களைப் புகழ்றாங்க!" என்றார் ஹெர் ராப். "எங்க ஊர்ல திட்டலேன்னாலே புகழ்ந்ததா அர்த்தம். இத்தனை வருஷமா இங்க குடியிருக்கேன், எனக்கு ஒரு தடவைகூட இது கிடைச்சதில்ல. என் கல்யாணத்தன்னிக்கு மாமனார் என்னைப் பார்த்து 'பரவால்ல'ன்னார். எங்கம்மா சந்தோஷத்துல தேம்பித் தேம்பி அழுதாங்க."

"அப்ப நான் இங்கயே இருக்கலாமா?"

"போகச் சொல்லலியே" என்றாள் பாய்ர்லே அம்மாள். சொல்லிவிட்டு, இரண்டு கையையும் விரித்து, கேத்தோவை மார்போடு சேர்த்துக் கட்டித் தழுவி, 'இனிமேல் நமக்குள் நீங்கள் எதற்கு, நீ என்றே பேசிக்கொள்வோம்' என்று விம்மினாள். இருவர் கண்ணீரிலும் மிச்சமிருந்த மாவு கரைந்து தெருவோடு ஓடி நெக்கார் ஆற்றில் கலந்தது.

இதுவரை நான் சொல்லிவந்த கதையைக் கேட்டபடி தன் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பாய்ர்லே அம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்ல. கை குடுத்தேன். 'நீ'ங்கிறதைப் பத்தி இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்; அவங்க வந்து அஞ்சு வருஷம்தானே ஆகுது. மாவும் ஆத்துக்குப் போகல. கைப்பிடிக்கு அடியில கொஞ்சம் இருந்துச்சு. நான்தான் தொடைச்சேன்."