சிவப்பு வட்டமும் மாடி ஆன்டெனாவும்

ஜன்னலில் நின்று நான் பொய் சொன்னதாக எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். நான் சொன்னது பொய்யே அல்ல.

அப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கலர் டிவி குத்தாலத்து வீட்டுக் கூடத்துக்கு வந்த வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது. ஞாயிறு ஆராதனை முடிந்து மத்தியானப் படத்துக்குக் காத்திருந்தோம். அதற்கு முன்னால் ஏதோ வெளிநாட்டுக் குறும்படம் போட்டார்கள். மனிதர் இல்லை, மிருகம் இல்லை, பேச்சு இல்லை. கறுப்புத் திரையில் நீலக் கோடுகள் நெளிந்தன. நடுவே ஒரு சிவப்பு வட்டம். கோடுகள் நெருங்கினால் சுருங்கியது. விலகினால் மூச்சு வாங்குவதுபோல் உப்பியது.

"ஆன்டெனா திரும்பிடுச்சு" என்று பெரியப்பா மாடி ஏறினார். அவர் மேலே குழாயைத் திருப்பும்போது, கீழே திரையைப் பார்த்து ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பது என் வேலை.

திருப்பினார். திரையெங்கும் புள்ளிகள் கொட்டி வட்டம் மறைந்தது. ஜன்னலுக்கு ஓடினேன்.

"போயிடுச்சு! பழையபடி வைங்க!"

வட்டம் திரும்பி வந்தது.

"நல்லா வருது பெரியப்பா, எறங்குங்க!"

இறங்கி வந்தவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதாடி நல்லா வர்றது?"

"ஆமா. படமே இதுதான்."

"கத என்ன? சொல்லு பாப்போம்."

"ஒண்ணு, வட்டம் மாட்டிக்கிச்சு. ரெண்டு, கோடு நெருக்குது. மூணு, வட்டம் விட்டுக்கொடுக்கல."

"நாலாவதா உன் முதுகுல ஒண்ணு விழப்போவுது" என்றாள் அம்மா.

"முடிஞ்சதும் அடிங்க" என்றேன்.

பெரியப்பா டிவியை அணைத்துவிட்டார். இன்று கணினியில் உருவங்களை அசைப்பதுதான் எனக்குத் தொழில். கதை கேட்பவர்களுக்கு இப்போதும் அந்த மூன்று வரிக்கு மேல் நான் சொல்வதில்லை.

அன்று மத்தியானப் படத்துக்கு டிவியை மறுபடி போட்டதும் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் மட்டும் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பாட்டு வந்தது, சண்டை வந்தது; திரும்பவில்லை.

எனக்கு எதிரே அத்தை முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா சிங்கப்பூர் போனதிலிருந்து அவள் எங்கள் வீட்டோடுதான் அடைந்து கிடந்தாள். யாருக்கும் கேட்காமல் என் பக்கம் குனிந்தாள்.

"ஏண்டி, அந்த வட்டம் வெளிய வந்திருக்கும்ல?"

அவளும் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

"வராது" என்றேன், வெடுக்கென்று.

 அத்தை பாதி பொறுக்கிய முறத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். படம் முடியும்வரை அவள் ஏன் கூடத்துக்குத் திரும்பவில்லை என்று எனக்கு அன்று விளங்கவில்லை.