மைக்கைப் பொத்திய கை

மைக்கை இரண்டு தட்டு தட்டி, வேனின் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்கிறார். "பி…ர…மாண்டமான செருப்புத் தள்ளுபடி!" தெருமுனை நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுக்கிறது.

கடைத்தெருவில் அவருக்குப் பேரே 'பிரமாண்டம்'தான். ஒலிபெருக்கி கட்டிய வேனில் இருபத்தேழு வருடமாக விளம்பரம் சொல்கிறார். பூனை தொலைந்தாலும் 'பிரமாண்டமாகக் காணவில்லை' என்பார். வீட்டிலும் அதே கதைதான். "பிரமாண்டமா தலை வலிக்குதுடி" என்றால் மனைவி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "சின்னதா வலிச்சா சொல்லுங்க, டாக்டர்கிட்ட போலாம்."

மச்சானின் சலூனில் இருந்தது ஒரே நாற்காலி. 'பிரமாண்டமான சலூன்' என்று இவர் முழங்கியதில் முதல் நாளே கூட்டம் திரண்டது, எட்டிப் பார்த்தது, சிரித்துவிட்டுக் கலைந்தது. மூன்றே மாதத்தில் கடைக்குப் பூட்டு. மச்சான் இன்றுவரை இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்போது மகள் கடை திறந்தாள். கட்டினவன் கைவிட, இரண்டு வயதுக் குழந்தையோடு பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். மாடிப்படிக்கு அடியில் ஓர் இடுக்கு, ஒரு தையல் மிஷின். அதை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை.

"அப்பா, அந்த வார்த்தை மட்டும் வேணாம்."

"எந்த வார்த்தைம்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. மாமாவைப் பார்த்து சிரிச்சாங்களே, அப்படி என்னையும் பார்த்து சிரிக்கணுமா?"

"அதோட அர்த்தம் தெரியுமா உனக்கு? அண்டத்தையே அடைக்கிற அளவு பெருசுன்னு!"

"என் கடையில ரெண்டு பேர் சேர்ந்தாப்புல நிக்க முடியாதுப்பா."

அவர் ஒரு காகிதத்தை எடுத்து எழுத உட்கார்ந்தார்.

மறுநாள் காலை வேன் கிளம்பியது. அவர் கண்ணை மூடவில்லை. காகிதத்தைப் பார்த்தே படித்தார். "மருந்துக்கடை மாடிப்படிக்குக் கீழே சின்னத் தையல் கடை. ஒரே ஒரு மிஷின். சொன்ன நாளில் துணி கைக்கு வரும்." ஒவ்வொரு வரிக்கு முன்னும் தொண்டைவரை வந்த சொல்லை மென்று விழுங்கினார்.

மூன்றாம் சுற்றில் வேன் கடைப்பக்கம் வந்தது. பேன்ட் நீளம் குறைக்க ஒரு வாட்ச்மேன், கிழிந்த பள்ளிக்கூடப் பையோடு ஓர் அம்மா, பின்னால் இன்னும் மூன்று பேர். உள்ளே இடமில்லாமல் நடைபாதையில் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. மகள் தலை நிமிராமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

டிரைவரை நிறுத்தச் சொன்னார். மைக்கை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, அந்த ஒரு சொல்லைத் தனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டார்.