வாறோம், ஓவர்

விமானத்தோடு பேசுகிற வேலைக்குப் பரீட்சை எழுத வரச்சொன்னபோது நான் ஒரு விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. எட்டத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சுசீந்திரம் பக்கம் வயலுக்கு மேலே அது போனபோது நாற்று நட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்துவிட்டார்கள். அன்றைக்கு நட்ட வரிசை அறுப்பு வரைக்கும் கோணலாகவே நின்றது.

முப்பதுகளின் கடைசி அது. நாகர்கோவிலில் தந்தி ஆபீஸில் தற்காலிகமாக இருந்தேன். விரல் தட்டும், வாய்க்கு வேலையில்லை. மதராசில் விமானத்தளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், இனிமேல் தட்டினால் மட்டும் போதாது, விமானியோடு வாயாலும் பேசத் தெரிய வேண்டும் என்றார்கள். என்ன பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று டைப் அடித்த தாள் ஒன்றும் தந்தார்கள். தாளில் உள்ள வார்த்தை தவிர வேறு வார்த்தை கூடாது.

அந்த வேலை என்னைவிட என் மனைவிக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு வேண்டியது வேலையல்ல, அடுப்பு. தனி அடுப்பு. கல்யாணமான நாள் முதல் அண்ணன் வீட்டில்தான் இருந்தோம். அண்ணன் மனைவி, அதாவது எனக்கு மைனி, கொடுக்கிற கை உள்ளவள். வாயும் அதே தாராளம். என் மனைவி மீன்கறிக்கு உப்புப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போவாள். அது தெரியாமல் மைனியும் போடுவாள். சாப்பிட உட்கார்ந்தால் குளச்சல் கடலை அப்படியே ஊற்றி வைத்தது போல இருக்கும். யார் போட்ட உப்பு என்று அப்புறம் வழக்கு நடக்கும். ஒரு உறையில் இரண்டு கத்தி. நானும் அண்ணனும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவோம். நிரந்தர வேலை கிடைத்தால் தனி வீடு, தனி வீடு வந்தால் தனி அடுப்பு. இதுதான் அவள் கணக்கு.

அதனால் பயிற்சிக்கு அவளே விமானி ஆனாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷ் தெரியும். முகம் பார்க்காமல் பேசிப் பழக வேண்டும் என்பதால் நான் முன்னறையில் சுவரைப் பார்த்து உட்காருவேன். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டில் தேங்காய் அரைத்துக்கொண்டே பறப்பாள். அம்மிச் சத்தம் இஞ்சினுக்குச் சரியாக இருந்தது. யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் பெயர் முதலில், நம் பெயர் பிறகு. பேசி முடித்தால் ‘ஓவர்’. காதில் விழாததை ஊகிக்கக் கூடாது, ‘ஸே அகெய்ன்’ என்று மறுபடி கேட்க வேண்டும். முக்கியமான எதையும் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

“வெள்ளைக்காரன் பாஷைக்கும் ராகம் போடுதியளே” என்று சுவருக்குப் பின்னாலிருந்து சிரிப்பாள். எங்கள் ஊர் நீட்டல் அது, லேசில் போகாது. எனக்குக் கோபம் வரும். விமானி கேலி செய்யலாம் என்று தாளில் எங்கேயும் இல்லை என்று கத்துவேன்.

எழுத்துகளைச் சொல்ல ஊர்ப்பெயர் வைத்திருந்தார்கள். ஏ என்றால் ஆம்ஸ்டர்டாம், பி என்றால் பால்டிமோர், ஜே என்றால் ஜெருசலேம். ஜெருசலேம் வந்தால் மட்டும் அவளுக்குக் குரல் கனியும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிற குரல். கே என்றால் கிலோகிராம். அது எந்த நாட்டு ஊர் என்று கேட்டாள். நானும் அதை ஊர் என்றே நினைத்திருந்ததால் ஜெர்மனிப் பக்கம் என்றேன். அவள் அதை அடித்துவிட்டுக் குலசேகரம் என்று எழுதிக்கொண்டாள். வி என்பதையும் வட்டக்கோட்டை ஆக்கிவிட்டாள்.

“புருசனும் பொண்டாட்டியும் மொகம் பாத்துப் பேசினா என்னலே?” என்று மைனி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கேட்கக் கேட்க அவளுக்கும் பிடித்துவிட்டது. ஒரு நாள் சமையல்கட்டிலிருந்து, “உப்பு போட்டாச்சு, ஓவர்” என்று மைனி குரல். கிணற்றடியிலிருந்து என் மனைவி, “உப்பு போட்டாச்சு, கேட்டேன் அக்கா” என்றாள். அன்றைக்கு மீன்கறி வாயில் வைக்கிறபடி இருந்தது. அண்ணன் இரண்டாம் தடவை சோறு வாங்கினார். அப்புறம் மைனியைப் பிடிக்க முடியவில்லை. சந்தைக்குப் புறப்படுகிற அண்ணனை வாசலில் மறித்து, “திருப்பிச் சொல்லுங்க” என்பாள். அவரும் புளி, உள்ளி, மண்ணெண்ணெய் என்று பாடம் ஒப்பிப்பார்.

மதராசில் பரீட்சை. அடுத்த அறையில் ஒரு அதிகாரி விமானியாக உட்கார்ந்திருந்தார். நடுவில் டெலிபோன் கம்பி. காற்று எந்தத் திசை, எங்கே இறங்கலாம் எல்லாம் பிசகாமல் சொன்னேன். ராகம்கூடப் போடவில்லை. கடைசியில் அவர், உங்கள் எல்லையைவிட்டுப் போகிறேன், நன்றி என்றார். ‘கேட்டேன்’ என்று மட்டும் சொல்லி முடிக்க வேண்டியது. ஆனால் ஒரு மனுஷன் நன்றி சொல்லிவிட்டுப் புறப்படுகிறான். வெறுமனே எப்படி அனுப்புவது? எங்கள் வீட்டில் பால் கொண்டுவருகிறவனைக்கூட அப்படி அனுப்பமாட்டோம். “கோ அண்ட் கம்” என்று சொல்லிவிட்டேன். போயிட்டு வாங்க.

“கேட்டேன். திரும்பி வருகிறேன். இறங்க இடத்தைக் காலி செய்யவும். ஓவர்” என்றார் அவர்.

அந்தத் தாளின்படி ‘போ’ ஒரு கட்டளை, ‘வா’ இன்னொரு கட்டளை. விமானம் திரும்புவது எனக்குத் தெரியவில்லை, என் மனைவியின் அடுப்பு அணைவதுதான் தெரிந்தது. ஆனால் பிழையானால் சொல்வதற்கும் தாளில் ஒரு வார்த்தை இருந்ததே. “கரெக்ஷன்” என்றேன். திரும்ப வேண்டாம், உங்கள் வழியே தொடரவும், திருப்பிச் சொல்லவும், ஓவர். அவர் திருப்பிச் சொன்னார். வெளியே வந்தபோது சிரிப்பை மென்றுகொண்டிருந்தார். “பிழை எல்லோருக்கும் வரும். நீ வாயடைத்து உட்கார்ந்திருந்தால்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்” என்றார்.

வேலைக்கு உத்தரவு வந்த அன்று என் மனைவி வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. புறப்படுகிற காலையில் மைனி தன்னுடைய பழகின மீன்சட்டியை வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள்.

“வாறோம் அக்கா” என்றாள் என் மனைவி.

“கேக்கல்ல. திருப்பிச் சொல்லு.”

“வாறோம் அக்கா.”

“எப்பம்னு சேத்துச் சொல்லுட்டி.”

“கிறிஸ்மசுக்கு வாறோம்.”

“கிறிஸ்மசுக்கு வாறோம்” என்று மைனி திருப்பிச் சொன்னாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. புறப்படும்போது எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அது. மைனி அதைத் தாளில் உள்ளபடி எடுத்துக்கொண்டாள். பஸ் ஆரல்வாய்மொழி தாண்டும்வரை என் மனைவி சட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை.

மதராசில் அறையும் அடுப்பும் கிடைத்தன. முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டியில் மீன்கறி வைத்தாள். மணம் தெருவரைக்கும் வந்தது. ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்தேன். உப்பே இல்லை.

அவளும் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள்.

“அக்கா போட்டிருப்பாவன்னு இருந்திட்டேன்” என்றாள்.